செயூத்தாவில் சப்பரம் தூக்கினேன்

யாரும் இல்ல தம்பி, ஒக்காருங்க. பைய காலுக்குக் கீழ தள்ளுங்க, நான் நவுந்துக்கிடுதேன். கண்டக்டர்கிட்ட நான் போட்ட சத்தத்தக் கேட்டுட்டு நீங்க பின் சீட்டுக்குப் போயிரலாமான்னு பாத்திய, நான் கவனிச்சேன். அது ஒண்ணும் இல்ல. அவன் என்னையப் பாத்து 'ஏறு ஏறு'ங்கான். தல நரச்ச மனுசன 'ஏறு'ன்னு சொல்லலாமா? சட்டையப் பிடிச்சேன், அம்புட்டுத்தான். நான் கை வைக்கிற ஆளே கெடையாது. பொறுமையான மனுசன் யாருன்னு தூத்துக்குடி கடற்கரையில கேட்டா இந்தக் கஸ்பார் மோத்தா வீட்டத்தான் காட்டுவாவ.

நீங்க எது வரைக்கும்? நாகர்கோவிலா? நான் அதுக்கும் அங்கிட்டு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு. எந்தங்கச்சி ரெஜினா இன்னைக்குச் சாயந்தரம் பிளேன் ஏறுதா. ரெண்டு பிள்ளையளயும் கூட்டிக்கிட்டு ஒரேயடியாப் போறா. கூடப்பொறந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, பாத்துக்கிடுங்க. எம்பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. அவளும் காலையில நான் கேட்ட பொறவுதான் வாயத் தொறந்தா. எப்பிடிக் கேட்டேன்னு கேக்காதிய. இப்பப் போயி ரெஜினாவ நிறுத்தணும். பேசித்தான் நிறுத்துவேன். எனக்குத் தங்கச்சின்னா உசுரு. சின்ன வயசுல நான் ஒரு பார்வ பாத்தாப் போதும், பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிருவா. அம்புட்டு மரியாத.

எங்க போறான்னா கேக்கிய? செயூத்தான்னு ஒரு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டிய. ஆப்பிரிக்காக் கரையில மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், ஆனா ஸ்பெயின்காரன் ஊரு. எதுத்தாப்புல தண்ணி, தண்ணிக்கு அங்கிட்டு ஐரோப்பா. கோயில் மணி அடிச்சு ஓயிறதுக்குள்ள பள்ளிவாசல்ல வாங்கு சொல்லுவாவ. அடுத்த தெருவுல யூதமாருக்கு ஒரு கோயிலு. இதுக்கெல்லாம் நடுவுல கிஷின்சந்துன்னு ஒரு சிந்திக்காரரு கடிகாரக் கட போட்டு, மீனு மேல ஒக்காந்திருக்கிற ஒரு சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தி வச்சிருக்காரு. அந்த ஊர்ல எங்க கப்பல் நின்னது ரெண்டே ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளுல என் குடும்பமே போச்சு தம்பி.

கப்பலுன்னா சரக்குக் கப்பல் இல்ல. மூணு பாய்மரம் வச்ச கப்பல். வெள்ளக்காரன் துட்டக் குடுத்து ஏறி, நம்மளோட சேந்து கயிறு இழுத்துட்டு, கை கொப்புளிச்சதப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவான். அப்பிடியும் ஒரு பொழப்பு. நான் அதுல சாரங்கு. நம்ம ஊரு ஆளுவ, கோவாக்காரனுவ எல்லாரும் எனக்குக் கீழதான். தோணியில வளந்தவன்லா, பாயின்னா என்ன, காத்துன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

என் கூட வந்தவன் பெலவேந்திரன். ரெஜினா புருசன். கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து எங்க வீட்டு மாடியிலதான் குடியிருந்தாவ. தனியாப் போறோம்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தான், நான் விடல. தங்கச்சிய கண்ணு முன்னால வச்சிருந்தாத்தான எனக்கு நிம்மதி? ஆளு ஒரு மாதிரி. கோயில்ல பாட்டுப் பாடுவான், சத்தமாப் பேச மாட்டான். இவன மனுசனாக்கணும்னு நான்தான் கப்பல்ல எடம் வாங்கிக் குடுத்தேன். கெளம்புற அன்னைக்கு ரெஜினா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணே, அவர முழுசாக் கொண்டு வந்து குடுத்துரு'ங்கா. முழுசாவாம். அந்த வார்த்த எனக்கு அப்பவே பிடிக்கல. நான் என்ன அவனப் பிச்சா திங்கப் போறேன்? ஆனாலும் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். முழுசாக் கொண்டாந்து விடுதேன் ரெஜினான்னேன்.

தங்கச்சி புருசன் மேல கை வைக்கக் கூடாதுங்கிறது எங்க ஆளுவள்ல ஒரு மொற. நான் ஒரு நாளும் கை வச்சதில்ல. கயிறுதான். பாய ஏத்தும்போது மசமசன்னு நின்னான்னா கயித்து நுனியால முதுகுல ஒண்ணு இழுப்பேன். எங்கப்பா தோணிய நடத்துற தண்டலு, என்னைய அப்பிடித்தான் வளத்தாரு. கப்பல்ல சாரங்கு சாரங்காத்தான் இருக்கணும், மாப்பிள்ளன்னு கொஞ்சிக்கிட்டு இருந்தா மத்தவன் மதிப்பானா? பெலவேந்திரன் சட்டைய இறக்கி விட்டுட்டு வேலையப் பாப்பான்.

செயூத்தாவுக்கு நாங்க போனதே எதுக்காத்து அடிச்சதாலதான். அந்த எடத்துல கடலு குறுகி ஒரு வாய்க்கா மாதிரி இருக்கும், அதத் தாண்டுனாப் பெரிய கடலு. நம்ம ஊரு கச்சான் காத்து மாதிரி மேக்க இருந்து மூஞ்சியில அடிக்கி, பாய்க்கப்பல் எப்பிடி வெளிய போவும்? காத்து திரும்புற வரைக்கும் நிப்போம்னு கேப்டன் நங்கூரம் போட்டுட்டாரு.

பெலவேந்திரன் கரையில எறங்குன ஒடனே மீன் எறக்குற எடத்துக்குப் போயிட்டான். சைகையிலயே எல்லாருகிட்டயும் பேசிச் சிரிக்கான். சாயந்தரம் ஓடி வாரான். 'மச்சான், நாளைக்கு இங்க கார்மேல் மாதா திருநாளு. மாதாவ மீன்காரங்க தோள்ல தூக்கிக்கிட்டு கடலுக்குள்ள எறங்குவாங்களாம்.' எனக்கு ஒடம்பு புல்லரிச்சிட்டு தம்பி. கப்பல் ஏறுன நாள்ல இருந்து பூசை இல்ல, சாமியாரு கையால நன்ம வாங்கல. மாதாவே தேடி வந்திருக்கான்னு நெனச்சேன். 'அப்ப நாளைக்கு நாமளும் தூக்குவோம்'னேன்.

அவன் மொகம் மாறிட்டு. 'இல்ல மச்சான், கிஷின்சந்து சேட்டுகிட்ட நான் வெவரமாக் கேட்டேன். இங்க எல்லாருக்கும் தோள அளந்து, ஒசரம் பாத்து, எடம் குடுத்திருக்காவளாம். சப்பரத்துல மண்ணு மூட்டைய ஏத்தி வச்சு மாசக்கணக்காத் தூக்கிப் பழகியிருக்காவளாம். ஒரு தோள் மாறுனாலும் மாதா சாஞ்சிருமாம். நாம மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு பின்னால போவோம் மச்சான்'ங்கான்.

எப்பிடி இருக்கும் எனக்கு? எங்க ஊருல சப்பரம் கெளம்புனா கடலுக்குப் போறவன் எவனா இருந்தாலும் தோளக் குடுக்கலாம். முட்டித் தள்ளித்தான் எடம் பிடிக்கணும். முட்டாமத் தூக்குனா அது பக்தியா? அசலூரு போட்டுல வந்தவன்கூட ஒரு எட்டு தோள வச்சிட்டுத்தான் போவான். வைக்காமப் போனா மாதா கோவிச்சுக்கிடும், பயணம் வெளங்காது. இவன் எனக்கு மெழுகுதிரியப் பத்தி சொல்லுதான். ஒண்ணு வச்சேன். கையின்னு நெனைக்காதிய, பொறங்கைதான்.

மறுநாளு வெயிலு தாந்த பொறவு மாதா வெளிய வந்தா. ஊரே தெருவுல நிக்கி. முக்காடு போட்ட சாயபு வீட்டுப் பொம்பளையளும் மாடியில நின்னு பாக்காவ. கிஷின்சந்து கடைய அடச்சிட்டு, மாதா தாண்டுற வரைக்கும் செருப்பக் கழட்டிட்டு நிக்காரு. தூக்குறவனுவ எல்லாரும் வெள்ளச் சட்ட, தோள்ல சின்னத் துணி மெத்த. ஒரே மாதிரி காலு வைக்கானுவ, மாதா தண்ணியில மெதக்குற மாதிரி வாரா. நான் அழுதுட்டேன். வெக்கம் என்ன, அழுதுட்டேன்.

அழுதுக்கிட்டே கூட்டத்த ஒதுக்கிட்டு முன்னால போயிட்டேன். முன் தண்டுல தடியா ஒருத்தன் நின்னான். அவன ஒரு இடி இடிச்சுத் தள்ளிட்டு என் தோளக் குடுத்தேன். நான் அவனவிட ஒரு சாண் ஒசரம். மாதா ஒரு பக்கமா ஆடுனா, கிரீடம் கடகடன்னுச்சு, பொம்பளைங்க கத்துனாவ. ஒரு நிமிசம் பொறுத்தா எல்லாம் சரியாயிருக்கும். அதுக்குள்ள அந்தத் தடியன் என் கையப் பிடிச்சு மெதுவா வெளிய கொண்டாந்து விட்டுட்டு, நெஞ்சுல கைய வச்சு என்னமோ சொல்லுதான். சிரிக்கான் தம்பி. சிரிக்கான்! ஒரு கெழவி ஓடி வந்து என் கையில ஒரு மெழுகுதிரியக் குடுக்கா. பொம்பளைங்க வரிசையக் காட்டி அங்க போய் நில்லுய்யாங்கா.

கடல்ல பொறந்து கடல்ல வளந்தவன், பொம்பளைங்களோட மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு வரணுமாம். கறுப்புத் தோளு மாதாவுக்கு ஆவாதுன்னுட்டான், வேற என்ன? அவன் வாயால அப்பிடிச் சொல்லல. சொன்னாத்தானா?

மெழுகுதிரிய வீசுனேன். நெத்தியாலயே அவன் மூக்குல ஒண்ணு குடுத்தேன். பச்ச முருங்கக்காய ஒடிச்ச மாதிரி சத்தம். வெள்ளச் சட்டையெல்லாம் ரத்தம். கை வைக்கல, அதக் கவனிங்க. பொறவு என்ன, நாலு பேரு மேல விழுந்துட்டானுவ. ஒருத்தன் என் கண்ணுல குத்துனான், புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள எறங்கிட்டு. ஒருத்தன் பின்னால இருந்து கழுத்த நெரிச்சான். இன்னொருத்தன் காது என் வாய்க்குப் பக்கத்துல வந்துச்சு, விடுவேனா? துப்பும்போது உப்புக் கரிச்சுச்சு. சப்பரத்த எறக்கும்போது முட்டுக் குடுக்க கவைக்கம்பு வச்சிருப்பானுவ, நல்ல கனமான கம்பு. அது ஒண்ணு கீழ கெடந்துச்சு. எடுத்துச் சுத்துனேன். ஒருத்தன் முட்டியப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். மத்தவன் வெலகிட்டான். கூட்டம் வட்டமாப் பின்னால போச்சு.

திரும்பிப் பாக்கேன். முன் தண்டுல, நான் சண்ட போட்டுப் பிடிச்ச எடத்துல, எவனோ ஒருத்தன் குனிஞ்சு தோளக் குடுத்துக்கிட்டு நிக்கான். முதுகு மட்டுந்தான் தெரியுது. இம்புட்டு ரத்தம் சிந்தி நான் எடுத்த எடத்துல நோவாம வந்து ஒருத்தன் நிப்பானா? எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. ரெண்டு கையாலயும் கம்ப ஓங்கி அவன் தோள்பட்டையிலயே எறக்குனேன். உள்ள எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அவன் விழல. தண்ட விடவும் இல்ல. மறு தோளுக்கு மாத்திக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, தலைய மட்டும் திருப்புனான்.

பெலவேந்திரன்.

அவன் ஏன் தம்பி அங்க போயி குனிஞ்சான்? அதச் சொல்லுங்க. நீங்க படிச்ச ஆளு. மூக்கு ஒடஞ்சவன் தூக்குற எடம் காலியானதுல மாதா சாயப் போனாளாம், ஓடி வந்து தாங்குனானாம். அந்தத் தடியன் ஒசரமும் இவன் ஒசரமும் ஒண்ணு போல இருந்துச்சாம். நாந்தான் நிக்கேன்லா பக்கத்துல, 'மச்சான், நீங்க பிடிங்க'ன்னு ஒரு வார்த்த என்னையக் கூப்பிட்டிருக்கலாம்லா? எலும்பு தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய நிக்கி, இவன் வேற ஆளு வந்து தோள் குடுக்கிற வரைக்கும் எடத்த விடல. பொறவுதான் மயங்கி விழுந்தான்.

அந்தக் கூட்டம் என்னையக் கொன்னிருக்கும். மீன் வண்டி தள்ளுற இத்ரிஸ்னு ஒரு சாயபு என்னைய இழுத்து வண்டியில போட்டு, ஈரச் சாக்கப் போட்டு மூடி, கப்பலுக்குக் கொண்டாந்து சேத்தான். புருவத்துல தையல் போட்டவரு யூத டாக்டரு. நடந்தத போலீசுல எடுத்துச் சொன்னவரு அந்தச் சிந்தி சேட்டு. எல்லாரும் ஒதவுனாவ. என் சொந்த வேதத்துக்காரன்தான் ஒரு சப்பரத்துல எடம் குடுக்கல. இத எங்க போயிச் சொல்ல?

போலீசு பெலவேந்திரன்கிட்ட யாரு அடிச்சான்னு கேட்டிருக்கு. தடுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்கான். அந்த மூக்கு ஒடஞ்சவனும் மாதா திருநாள்ல கேசு வேண்டாம்னுட்டானாம். பயந்துட்டான்.

மறுநாளு காத்து திரும்பிட்டு. கெளம்பணும்னு கேப்டன் சொல்லிட்டாரு. இவனக் கூட்டிட்டு வாறதுக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிஷின்சந்து வாசல்ல நின்னாரு. 'மோத்தா, டாக்டர் ஒண்ணு கேக்காரு. தோள் அடி நேத்து பட்டது. முதுகுல கோடு கோடா பழைய தழும்பு கெடக்கே, அது எப்பிடின்னு கேக்காரு'ங்காரு இந்தியில. கப்பல் வேல அப்பிடித்தான்னேன். அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, அத டாக்டருகிட்ட சொல்லவே இல்ல.

உள்ள போனா இவன் படுத்திருக்கான், நெஞ்சு முழுக்கக் கட்டு. பக்கத்துல நாக்காலியப் போட்டு ஒக்காந்துக்கிட்டு ஒருத்தன் கரண்டியில சூப்பு ஊட்டுதான். யாருங்கிய? அந்த மூக்கு ஒடஞ்ச தடியன்! மூக்குல பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டு, பச்சப் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டுதான். எனக்கு வயிறு எரிஞ்சிட்டு.

'எந்திரிலே, கப்பல் கெளம்புது'ன்னேன்.

'நான் வரல மச்சான்.'

'வரலன்னா?'

'எனக்கு இங்க வேல தாறோம்னு சொல்லுதாவ. கை சரியான பொறவு வலை கட்டுற எடத்துல. ரெஜினாவயும் பிள்ளையளயும் பொறவு கூப்பிட்டுக்கிடுதேன்.'

'ரெஜினா எங்க இருக்கணும்னு நீ சொல்லுதியோ? நான் அவளுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்லே, முழுசாக் கொண்டாறேன்னு.'

அவன் என் கண்ணப் பாத்தான் தம்பி. அத்தன வருசத்துல அவன் என் கண்ணப் பாத்தது அன்னைக்குத்தான். 'இப்ப நான் வந்தா முழுசா வர மாட்டேன் மச்சான். இருக்கிற மிச்சமாவது அவளுக்கு வேணும்'னான்.

நான் ஒரு எட்டு முன்னால வச்சேன். கட்டுல கெடக்கிறவன அடிக்கவா போறேன்? சும்மா ஒரு எட்டு. அந்தத் தடியன் சூப்புக் கிண்ணத்த மெதுவாக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நின்னான். எனக்கும் பெலவேந்திரனுக்கும் நடுவுல கட்டில மறச்சுக்கிட்டு நின்னான், அம்புட்டுத்தான். நான் திரும்பி வந்துட்டேன். பயம்னு நெனைக்காதிய. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு மரியாத இருக்குல்லா.

கேப்டன் அடுத்த துறைமுகத்துலயே என்னைய எறக்கி விட்டுட்டான். நன்றி கெட்ட பய. வீட்டுக்கு வந்து ரெஜினாகிட்ட சொன்னேன், உன் புருசன் உன்னைய விட்டுட்டு ஓடிட்டான்னு. அவ அழல. எனக்கு முந்தி அவனே போன்ல சொல்லிட்டான் போல. 'அவரு எந்தக் கையால சாப்புடுதாரு?'ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும் அவன் எந்தக் கையால சாப்புடுதான்னு? அன்னைக்கு மாடிக்கு ஏறிப் போனவதான், மூணு வருசமா என்கிட்டப் பேச்சு இல்ல. போன்ல அவங்கூட மட்டும் குசுகுசுன்னு பேசிக்கிட்டுக் கெடப்பா. ரெண்டு போன ஒடச்சேன். எம்பொண்டாட்டி மூணாவது வாங்கிக் குடுத்திருக்கா, எனக்குத் தெரியாம. பேப்பரு வேலையெல்லாம் அந்த ஊருக்காரனுவளே அலஞ்சு முடிச்சிட்டானுவளாம். இப்ப அவன் சப்பரத்துல முன் தண்டுல நிக்கானாம். மறு தோளால. எனக்குக் குடுக்காத எடம்! நான் தல ஒடஞ்சு எடுத்த எடம்!

இருங்க. போன் அடிக்கி. பாத்தியளா, ரெஜினாதான். மூணு வருசத்துக்குப் பொறவு அவளே கூப்பிடுதா. நான் சொன்னேம்லா?

ஏட்டி, எங்க நிக்க? நான் வந்துக்கிட்டு இருக்கேன். பிள்ளையளக் கூட்டிட்டு வெளிய வந்து நில்லு... உள்ளயா? உள்ளன்னா? பிளேன் சாயந்தரம்னுலா உன் மைனி சொன்னா... மத்தியானமா? பொய்யா சொன்னா அவ? இரு, வீட்டுக்குப் போயி அவள... ஏட்டி, வச்சிராத. கத்தல, கத்தல. சொல்லு.

என்னது?

இப்பவா? பஸ்சுல இருக்கேன்ட்டி. ஆளுவ பாக்காவ.

தம்பி, என்ன கேக்கான்னு தெரியுமா? நெத்தியில சிலுவ போட்டு விடணுமாம். எங்க வீட்டுல யாரு கடல் தாண்டிப் போனாலும் மூத்தவந்தான் போட்டு அனுப்பணும். அப்பா போயிட்டாரு, அம்மா போயிட்டாவ, நாந்தான் மூத்தவன். நேருல கேக்க அவளுக்குப் பயமா இருந்துச்சாம். அதனால உள்ள போயிட்டு போன்ல கேக்கா. கண்ண மூடிக்கிட்டு நிக்காளாம். பிள்ளையளும் கண்ண மூடிக்கிட்டு நிக்குதாம்.

சரிட்டி. அழாத. நான் அழல, ரோடு சரியில்ல, பஸ்சு குலுங்குது. அசையாம நில்லு. இந்தாப் போடுதேன்.

பிதா, சுதன்...

தம்பி! சிலுவ போடத்தான கையத் தூக்குனேன், நீங்க எதுக்கு மொகத்த மறைக்கிய?